ஐந்து துண்டு கேன்வாஸ் பாலமும் மார்த்தாண்டத்துச் சுவர்ப் பாலமும்

கடைக்கோ வீட்டு ஹாலுக்கோ ஒரு 'சிட்டி லுக்' வேண்டும், பாலம் படம் ஒன்று மாட்டலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு சரக்கைப் பற்றிச் சொல்லப்போகிறேன். ஒன்று ஆன்லைனில் வாங்கிய ஐந்து துண்டு கேன்வாஸ் பிரிண்ட். இன்னொன்று, கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைப் பக்கத்து ஓவியர் ஒருவர் நேரடியாகச் சுவரில் வரைந்து கொடுத்த மார்த்தாண்டம் மேம்பாலம். இரண்டும் இப்போது ஒரே கடையில் எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கின்றன. கடை என் அளியனுடையது, அதாவது மச்சானுடையது. மேம்பாலத்துக்கு அடியில் போகும் ரோட்டோரத்தில் சாயா, ஜூஸ், பழம்பொரி, ரசவடை, சாயங்காலமானால் பரோட்டா. பெயரைப் போட்டால் சொந்தக்காரனுக்கு விளம்பரம் செய்கிறான் என்பீர்கள், அதனால் போடவில்லை. ஓவியரும் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கையில் இருக்கிற வேலையை முடிக்கவே நேரமில்லையாம்.

நான் ஃபிளெக்ஸ் டிசைன் செய்பவன். அதனால் பாலம் படங்களோடு எனக்கு நெருங்கிய பழக்கம். யாராவது வந்து 'வளர்ச்சி' என்று ஒரு பேனர் கேட்டால் கை தானாகப் போவது ஒரே ஃபோல்டருக்குத்தான்: ஒரு மேம்பாலம், ஒரு மெட்ரோ, கண்ணாடிக் கட்டடங்கள், பின்னால் சூரியன். கட்சி வித்தியாசம் கிடையாது, கொடியின் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். தக்கலைப் பக்கம் ஐந்து சென்ட், ஆறு சென்ட் மனை விற்கும் நோட்டீஸில் மும்பை பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 2009இல் திறந்த அந்த ஐந்தரைக் கிலோமீட்டர் பாலத்துக்கும் தக்கலை ரப்பர் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பார்ட்டிகூடக் கேட்டதில்லை. பாலம் இருந்தால் ஊர் முன்னேறிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். எந்த ஊர்ப் பாலம் என்பதெல்லாம் யாருக்கும் பிரச்சினையே இல்லை.

சரி, முதலில் அந்த கேன்வாஸ்.

இரண்டாயிரம் ரூபாய்க்குள் வந்தது, பேக்கிங் நன்றாக இருந்தது, அந்த ஒரு விஷயத்துக்கு முழு மார்க். படத்தில் ஒரு கேபிள் பாலம், ராத்திரி, கீழே தண்ணீர், தண்ணீரில் ஊதா வெளிச்சம். ரோட்டில் வண்டியே இல்லை, வண்டிகள் போன தடம் மட்டும் சிவப்பும் வெள்ளையுமாக நீள நீளக் கோடுகள். இதைக் கேமராவில் எப்படி எடுக்கிறார்கள் என்றால், ஷட்டரை இருபது முப்பது செகண்ட் திறந்தே வைத்துவிடுவார்கள். ஓடுகிற விளக்கு கோடாகப் பதியும், அசையாமல் நிற்கிற கான்கிரீட் பளிச்சென்று பதியும். அந்த நேரத்தில் பாலத்தின் குறுக்கே ஒருவன் நடந்து போயிருந்தால் அவன் படத்திலேயே இருக்கமாட்டான். மனுஷனை அழிக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை, எடுக்கிற முறையே அப்படி. ஆனால் விளைவு என்னவோ, உலகம் முழுக்க ஹோட்டல் சுவர்களில் தொங்கும் பாலங்களில் ஓர் ஆளைக்கூடப் பார்க்க முடியாது.

பொருளின் தரத்துக்கு வருகிறேன். ஐந்து துண்டுகளையும் இடைவெளி விட்டு மாட்டிப் பார்த்தால் கேபிள்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. நடுத்துண்டில் வலது ஓரத்தை எட்டும் கேபிள், அடுத்த துண்டில் ஒரு விரற்கடை கீழே இறங்கித் தொடங்குகிறது. கேன்வாஸ் துணியை மரச்சட்டத்தின் ஓரத்தில் மடித்து ஆணி அடிப்பார்கள், மடிப்புக்குள் போகும் பகுதிக்கும் இரண்டு துண்டுக்கு நடுவில் விடும் இடைவெளிக்கும் டிசைன் செய்யும்போதே கணக்குப் பார்த்துப் படத்தை வெட்ட வேண்டும். இதில் யாரோ ஒரே படத்தை ஐந்தாக நறுக்கி அனுப்பிவிட்டார்கள். மலை, கடல் மாதிரி படமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பாலம் என்றால் எல்லாமே நேர்கோடு, உடனே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் துணி பாலியெஸ்டர் கலப்பு, பின்பக்கம் சட்டத்தை இறுக்கிக்கொள்ள ஆப்பு கிடையாது. ஆனி, ஆடிச் சாரலில் நடுத்துண்டு தொய்ந்து வயிறு வைத்துவிட்டது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதை வாங்குகிறவர்கள் மறந்துவிட வேண்டாம்.

இனி சுவர். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

அளியன் முதலில் கேட்டது கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும், 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் கொண்ட அந்தப் பாலம், 2024 டிசம்பர் 30இல் திறந்ததிலிருந்து மாவட்டத்தில் எந்த போஸ்டரை எடுத்தாலும் டிரோன் படமாக வந்து நிற்கிறதே, அதேதான். ஓவியர் ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணாடிய என்னத்த வரைய? உள்ளால தெரியதத்தான் வரையணும். கடல வரையச் சொல்லு, வரையேன்" என்றார். மாத்தூர் தொட்டிப்பாலம் என்று நான் சொன்னேன். 115 அடி உயரம், ஒரு கிலோமீட்டர் நீளம், மேலே கால்வாய்த் தண்ணீர் போகும் பாலம், படத்துக்கு அம்சமாக இருக்கும். அதற்கும் அவர் தலையாட்டவில்லை. கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத வச்சிக்கிட்டு அது எதுக்கு மக்கா?" என்றார். தலைக்கு மேலே மார்த்தாண்டம் மேம்பாலம்.

அளியனுக்கு அதில் கொஞ்சம்கூட விருப்பமில்லை. தினம் பார்க்கிறதைக் காசு கொடுத்து வரைவதா என்று ஒரே பேச்சு. கடைசியில், வரைந்தாலும் மேலிருந்து பார்க்கிற மாதிரி, பாலம் வளைந்து போகிற மாதிரி, விளக்கெல்லாம் எரிகிற மாதிரி வரைய வேண்டும் என்றான். அதற்கு ஓவியர் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது: "மேல நின்னு பாத்தா பாலம் தெரியாது மக்கா, ரோடுதான் தெரியும்."

உண்மைதானே. 2018 கடைசியில் பாலத்தைத் திறந்த புதிதில் குடும்பம் குடும்பமாக மேலே ஏறி நடந்து செல்ஃபி எடுத்தோம், எனக்கு அந்தப் படங்களில் தெரிவதெல்லாம் கைப்பிடிச் சுவரும் சித்தப்பா பிள்ளைகளும்தான். இந்த இரும்புப் பாலத்தின் பூதாகரம் தெரிய வேண்டுமென்றால் கீழே நின்றால்தான் ஆகும்.

ஓவியருக்கு என் மனதில் இருப்பதைக் காட்டலாம் என்று போனில் சில படங்களை எடுத்து வைத்திருந்தேன். தொழிலுக்காகச் சேர்த்தவைதான், ஆனால் பேனரில் போட லாயக்கில்லாதவை. அவற்றை அவர் பார்த்த விதத்திலிருந்துதான் இந்தச் சுவர் உருவானது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

பிரெஞ்சு ஓவியர் மோனே லண்டனில் வரைந்த பாலங்களை முதலில் காட்டினேன். 1899 முதல் 1901 வரை சவோய் ஹோட்டல் அறையில் தங்கி வாட்டர்லூ பாலத்தையும் சாரிங் கிராஸ் பாலத்தையும் திரும்பத் திரும்ப வரைந்தவர். எல்லாம் பனிமூட்டம், அதில் பெரும்பங்கு நிலக்கரிப் புகை, வாட்டர்லூ பாலத்துக்குப் பின்னால் ஆலைப் புகைக்கூண்டுகள் வரிசையாக நிற்கும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஓவியர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா ஹோட்டல் ரூமுக்குள்ள இருந்தாலே இப்படி வரும், தெருவுல நின்னா இருமல்லா வரும்" என்றார். அடுத்து ஜோசப் ஸ்டெல்லா. இத்தாலியிலிருந்து நியூயார்க்கில் போய்க் குடியேறியவர், 1883இல் திறந்த ப்ரூக்ளின் பாலத்தை 1919-20இல் வரைந்தார். கேபிள்களும் கல்வளைவுகளும் இருட்டும் சேர்ந்து தேவாலயத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல் மாதிரி இருக்கும். இதுதான் இன்றைய பேனர் பாலங்களுக்கெல்லாம் தாத்தா என்று எனக்குத் தோன்றுவதுண்டு, ஆனால் ஸ்டெல்லாவின் பாலத்தில் ஒரு பயமும் இருக்கிறது, நம் பேனரில் அது கிடையாது.

லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் விஸ்லரின் படத்தைக் காட்டியபோதுதான் நம் ஓவியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1870களில் லண்டன் பேட்டர்சீ பாலத்தை, பழைய மரப்பாலம் அது, கீழே ஆற்றிலிருந்து வரைந்த படம். ஒரே ஒரு தூண், அதன் மேல் பாலத்தின் ஒரு துண்டு, சுற்றிலும் நீலம். விஸ்லர் தன் ஓவியங்களைத் திட்டி எழுதிய கலை விமர்சகர் ரஸ்கின் மீது போட்ட மானநஷ்ட வழக்கு 1878இல் விசாரணைக்கு வந்தபோது இந்தப் படத்தையும் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள், நீதிபதியே இதில் எந்தப் பகுதி பாலம், மேலே நிற்பவை மனிதர்களா என்று கேட்டாராம். விஸ்லர் வழக்கில் ஜெயித்தார், கிடைத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. "ஒரு தூணு போதும்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று ஓவியர் தன் நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டார்.

ஆஸ்திரேலிய ஓவியர் கிரேஸ் காசிங்டன் ஸ்மித் 1930இல் வரைந்த சிட்னி துறைமுகப் பாலம் அளியனுக்குப் பிடித்துப்போனது ஆச்சரியம். பாலம் திறந்தது 1932இல். படத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் இரும்புக் கைகள் எழும்பி நடுவில் சேராமல் நிற்கின்றன. "வேலை நடந்தப்ப நம்ம ஜங்ஷன் இப்படித்தானே இருந்தது" என்று அவன் சொன்னது சரிதான். அந்த வருஷங்களின் தூசியும், பள்ளமும், பாதிக் கதவு சாத்திய கடைகளும் எங்கள் யாருக்கும் மறக்கவில்லை, ஆனால் அதை யாரும் படமெடுத்து ஃபிரேம் போடவில்லை. வளர்ச்சி என்று படம் எடுப்பவர்கள் எல்லோரும் வேலை முடிந்து தண்ணீர் ஊற்றிக் கழுவின பிறகுதான் வருகிறார்கள்.

ஆனால் சுவரைத் தீர்மானித்தது ஒரு பழைய ஜப்பான் படம். ஹிரோஷிகே 1857இல் மரத்தில் செதுக்கி அச்செடுக்கக் கொடுத்த படம்: திடீர் மழை, மரப்பாலத்தின் மேல் ஆட்கள் குடையையும் பாயையும் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், மழை மெல்லிய சாய்கோடுகளாக விழுகிறது. முப்பது வருஷம் கழித்து, 1887இல், வான்கோ இதை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார் என்றால் அதன் மவுசு புரியும். நம் ஆள் போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அவன் மேல நனைஞ்சிக்கிட்டு ஓடுகான் பாரு. இங்க மழ பெய்தா எல்லாவனும் பாலத்துக்க அடியில வந்து நிப்பான்."

அதைத்தான் வரைந்திருக்கிறார். மதியம் மூன்று மணி இருக்கும் என்று தோன்றும் ஒரு மழை. மேலே சுவரின் கால்பங்கு முழுக்கப் பாலத்தின் அடிவயிறு, கர்டர் என்கிற இரும்பு உத்தரங்களும் அவற்றைச் சேர்க்கும் போல்ட் வரிசைகளும். இடதுபக்கம் ஒரு தூண், சுவர் உயரத்துக்கு. தூணைச் சுற்றி ஹெல்மெட்டைக் கழற்றாமல் பைக்கில் உட்கார்ந்திருப்பவர்கள், பையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டிருக்கும் கல்லூரிப் பையன், மீன் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்க்கும் ஓர் அம்மா. களியக்காவிளை பஸ் ஒன்று பாதி தெரிகிறது. ஒரு நாய், அது மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் நடந்து போகிறது. நாய் நான் காட்டிய இன்னொரு படத்திலிருந்து வந்தது. பிரெஞ்சு ஓவியர் கையிபோத் 1876இல் வரைந்த பாரிஸ் இரும்புப் பாலம், அதில் கனவான்கள், ரயிலை எட்டிப்பார்க்கும் ஒரு தொழிலாளி, நடுவில் ஒரு நாய். "நாயில்லாத பாலம் உண்டா" என்று கேட்டுவிட்டு முதலில் அதைத்தான் பென்சிலில் போட்டார்.

மழையை அவர் வரைந்த விதத்தைப் பார்க்கவே இரண்டு பேர் சாயா குடித்துவிட்டுப் போகாமல் நின்றார்கள். பிரஷ்ஷைத் தொடவில்லை. கட்டடக்காரர்கள் லைன் பார்க்கப் பயன்படுத்தும் நூலை, தண்ணீர் கலந்த வெள்ளை எமல்ஷனில் முக்கி, வழித்து, நான் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாகச் சுவரில் சாய்த்துப் பிடிக்க, நடுவில் இழுத்துவிட்டுச் சுண்டினார். டப்பென்று ஒரு மழைக்கோடு. சில இடத்தில் கோடு அறுந்து புள்ளியாகத் தெறித்தது, அதை அப்படியே விட்டுவிட்டார். பாலத்துக்கு அடியில் மட்டும் ஒரு கோடும் இல்லை, அங்கே பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெறும் நூல் தடம், எதிர்ச் சுவரிலிருந்து பார்த்தால் சரியான இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை.

இவர் முன்பு போர்டு எழுதியவர். எங்கள் ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் தின்றது, அது தனிக்கதை, அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தக் கை இன்னும் இருக்கிறது. பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயரை ஸ்கேல் வைக்காமல் எழுதினார்.

குறைகளையும் சொல்லாவிட்டால் ரிவ்யூ ஆகாது. பைக்கில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே மீசை, கட்அவுட் வரைந்த பழக்கம் போலிருக்கிறது. வலது ஓரத்தில் தூரத்துத் தூண் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கிறது, இன்ஜினீயர் யாராவது பரோட்டா சாப்பிட வந்தால் பாதியில் எழுந்து போய்விடுவார். கைகழுவும் இடத்தை ஒட்டிய மூலையில் ஈரம் ஏறி, அடியில் ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் பொரிந்துவிட்டது. இதில் தப்பு பாதி கடைக்காரன் மேல், அந்தச் சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் அடிக்கச் சொல்லி அவர் முதலிலேயே சொன்னார். மீதிப் பாதி, அதைச் சரிசெய்ய அவரைப் பிடிப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு. வந்ததும் சுரண்டி, காயவிட்டு, மீன் சருவத்தின் அடிப்பாகத்தைத் திரும்ப வரைந்து கொடுத்தார், தனிக் காசு கேட்கவில்லை. வேலை நடந்தபோதும் இழுத்தடிப்புதான். நடுவில் ஒரு தேவாலயத் திருவிழா, அப்புறம் ஒரு கோயில் கொடை என்று ஆள் காணாமல் போனார், பாதிப் பாலத்தோடு கடை நடந்தது. கூலி சதுர அடிக்கு 180 ரூபாய், சுவர் பன்னிரண்டுக்கு எட்டு, 96 சதுர அடி, ஆக 17,000 ரூபாய் சொச்சம். பிரைமரும் எமல்ஷனும் மேல்பூச்சு மேட் வார்னிஷும் நாம்தான் வாங்கித் தர வேண்டும். கேன்வாஸோடு ஒப்பிட்டால் பல மடங்கு.

எது நன்றாக ஓடுகிறது என்று கேட்டால், உள்ளதைச் சொல்கிறேன், செல்ஃபி எடுப்பவர்கள் கேன்வாஸ் பக்கம்தான் போகிறார்கள். ஊதா வெளிச்சம் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதாம். காலேஜ் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று எடுத்துப் போட்டால் பார்க்கிறவர்கள் எந்த ஊர் கஃபே என்று கேட்கிறார்களாம், அளியனுக்கு அதில் ஒரே பெருமை, தொய்ந்த துண்டை மாற்றி வேறு வாங்கப் பார்க்கிறான். சுவருக்கு முன்னால் நடப்பது வேறு. அங்கே யாரும் போனை எடுப்பதில்லை, சண்டைதான் போடுகிறார்கள். இது எந்தத் தூண், பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கத்துத் தூணா அந்தப் பக்கத்துத் தூணா, அந்த மீன்கார அம்மா யார் ஜாடை, பாலம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன கடை இருந்தது. ஒருவர் தன் பழைய கடை இருந்த இடத்தை விரலால் தொட்டே காட்டிவிட்டு, பாலம் வந்தபிறகு மேலே போகிற காரெல்லாம் நிற்காமல் போய்விடுகிறது என்று பேச ஆரம்பித்தால், பக்கத்து மேஜைக்காரர் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்ற கதையை எடுப்பார், பம்மத்திலிருந்து குழித்துறை வரை பஸ் ஊர்ந்த கதையை எடுப்பார். இரண்டும் நிஜம். பேச்சு முடிவதற்குள் இரண்டு சாயா கூடுதலாக ஓடிவிடும், அந்தக் கணக்கை அளியன் பார்ப்பதே இல்லை.

கல்கத்தாவில் ஹவுரா பாலத்தை வரைகிறவர்கள் பலர் அடியில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தையிலிருந்துதான் தொடங்குவார்கள், சாமந்தி மூட்டைக்குப் பின்னால் இரும்பு நிற்கும். நம் தோவாளைப் பூச்சந்தைக்காரர்கள் யாராவது கடைக்குச் சுவர் வரையக் கொடுத்தால் இந்த ஆளிடம் அதைக் காட்டச் சொல்வேன்.

வரையக் கொடுப்பதாக இருந்தால் சில விஷயம். இடவம், அதாவது வைகாசி, தொடங்குவதற்கு முன்பே, பங்குனி, சித்திரையில் கொடுங்கள், சுவர் காய்ந்திருக்கும். போட்டோவைக் கொடுத்து இதே மாதிரி என்று சொல்லாதீர்கள், அதற்கு என்னிடம் வாருங்கள், ஃபிளெக்ஸ் சதுர அடிக்கு ரொம்பக் குறைவு. எந்த இடத்தில் நின்று பார்த்த பாலம் வேண்டும் என்பதை மட்டும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள். மீசை விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பகலில் போன் அடித்தால் எடுக்கமாட்டார், சாரத்தில் நிற்பார், இருட்டின பிறகு கூப்பிட வேண்டும். அட்வான்ஸ் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் அடுத்த திருவிழா முடிந்துதான் ஆளைப் பார்க்கலாம்.